வாலில்லாத குருவியின் மழைக்காலம்

ஈப்போவில் அறுவைச் சிகிச்சை முடிந்து என் கணவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தீபாவளி கழிந்திருந்தது. இடது தொடையில் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். சில மாதங்களுக்குக் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முன்னறையில் கட்டில் போட்டால் கதவைத் திறக்க முடியாது. அதனால் சமையலறையை ஒட்டிய பின்னறையில், ஜன்னலோரமாகப் போட்டோம்.

எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைனில் கடைசி வரிசையில் இருக்கிறது. முன்வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேயிலை. பின்ஜன்னலில் அந்த அழகெல்லாம் கிடையாது. துணி காயப்போடும் கொடி, ஒரு சிமெண்டுச் சாக்கடை, அதைத் தாண்டினால் ஓடை இறங்கும் ஒரு பள்ளம். சரிவு மிகவும் செங்குத்து என்பதால் அங்கே யாரும் தேயிலை நடவில்லை. காட்டு இஞ்சியும் பெரணியும் முட்செடியும் தானாக வளர்ந்து அடைந்து கிடந்தன.

அவர் லோரி ஓட்டுபவர். திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி, கோலாலம்பூர் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. இருக்கும் ஒன்றிரண்டு நாளிலும் யாருடைய மோட்டாரையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார்.

விபத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான். கம்போங் ராஜாவைத் தாண்டி இறங்கும்போது மாலை நேரத்து மூடுபனி. ஒரு வளைவில் மண் சரிந்து ரோட்டை அடைத்துக் கிடந்திருக்கிறது. லோரி மலைப்பக்கம் போய் மோதியது. கூடப் போன உதவியாள் அந்த இடத்திலேயே இறந்துபோனான். லோரிக்காரர்கள் உதவியாளைக் கெலிண்டான் என்பார்கள். இவன் நேபாளத்திலிருந்து வந்தவன். கல்யாணமாகாதவன். என் கணவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவான். எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறான்; ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிப்பான். அவன் உடல் விமானம் ஏறிய அன்று என் கணவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதைப் பற்றியுமே பேசவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பிடக் கொடுத்தால் சாப்பிட்டார். பார்க்க வந்தவர்களிடம் தலையை ஆட்டினார். எங்கள் மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள். அவள் வந்து ஒரு வாரம் இருந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கிடந்தார். அவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

நான் வேலையை விட முடியாது. மலை பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீர் விற்கும் கடை ஒன்று தோட்டத்துக்குள் இருக்கிறது, அங்கேதான் எனக்கு வேலை. காலையில் அவருக்கு வேண்டியதையெல்லாம் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போவேன். மதியம் ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஜன்னல் திறந்தபடியே இருக்கும். குளிருமே, சாத்தட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்.

ஒருநாள் மதியம் நான் உள்ளே நுழைந்ததும் கையைத் தூக்கி நிற்கச் சொன்னார். அப்படியே நின்றேன். ஜன்னலுக்கு வெளியே சாக்கடை ஓரத்தில் ஒரு சின்னக் குருவி. முதுகெல்லாம் கருநீலம், வயிறு சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளை. நீண்ட மெல்லிய கால்களில் நின்றுகொண்டு ஓர் இலையைக் கவ்விப் புரட்டிப் போட்டது. அதன் வால் நடுங்கிக்கொண்டே இருந்தது, குளிரில் நமக்குத் தாடை நடுங்குமே அந்த மாதிரி. நான் மூச்சு விட்டிருப்பேன் போலிருக்கிறது. விருட்டென்று இஞ்சிப் புதருக்குள் போய்விட்டது.

“தெனமும் வருது,” என்றார். “காலையில வெளுக்கறப்போ ஒரு தடவ. அப்புறம் மழை விட்டா வரும்.”

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி வெகுநாளாகியிருந்தது.

எங்கள் கடைக்குப் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்கிறவர்கள் வருவதுண்டு. அதில் ஈப்போக்காரச் சீனர் ஒருவர் வாடிக்கையாக வருவார். அவரிடம் மலாயில் விவரம் சொன்னேன். போனில் ஒரு படத்தைக் காட்டி, இதுவா என்று கேட்டார். அதேதான். அது இந்த மலைப் பறவையே இல்லை என்றார். ரஷ்யாவிலும் ஜப்பானிலும் உள்ள காடுகளில் குஞ்சு பொரிக்குமாம். அங்கே பனி விழத் தொடங்குவதற்கு முன்னால் கிளம்பி, இரவு இரவாகப் பறந்து, கடலைத் தாண்டி இங்கே வருமாம். வந்து சேர்ந்ததும் ஒரு சின்ன இடத்தைப் பிடித்துக்கொண்டு, பங்குனி சித்திரை வரை அங்கேயே தனியாக இருக்குமாம். பிழைத்துக் கிடந்தால் அடுத்த வருடமும் அதே இடத்துக்கு வரும் என்றார். “பிழைத்துக் கிடந்தால்” என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் கேட்டுவிட்டு, “தனியாவா வருது?” என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் குருவியைப் பற்றி எனக்குச் சொல்ல அவரிடம் ஏதாவது இருந்தது. கார்த்திகை மாதம் எங்கள் மலையில் மழை ஆரம்பித்தால் லேசில் விடாது. துணி காயாது, விறைத்துப்போன விரலில் மோதிரம் கழன்று விழும். அந்தக் குளிரில் பூச்சி எதுவும் பறப்பதில்லை. பறக்கும் பூச்சியை நம்பியிருக்கும் குருவிகள் கீழே இறங்கிப் போய்விட்டன. இது தரையை நம்பியிருந்தது. மழை ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் மண்புழு வெளியே வரும். உடனே இதுவும் வெளியே வரும். ஈர இலைக்கு அடியில் எறும்பு, சிலந்தி, வண்டு என்று கிடைத்ததைத் தின்றுவிட்டு மறைந்துவிடும். பெருமழை பெய்யும்போது காட்டு இஞ்சியின் அகன்ற இலைக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், இறகையெல்லாம் உப்ப வைத்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருக்கும். அசையவே அசையாது. தெம்பை வீணாக்காமல் இருக்கிறது என்று அவர் சொன்னார்.

ஒருநாள் பழுப்பு நிறத்தில், அதே அளவில் இன்னொரு குருவி சாக்கடைப் பக்கம் வந்தது. பெட்டையாக இருக்கலாம். நீலக்குருவி தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்து அதைத் துரத்திவிட்டது. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. துணையாக இருக்கட்டுமே, ஏன் விரட்டுகிறது என்றேன். அங்கே இருக்கும் புழு ஒன்றுக்குத்தான் போதும் என்று அவர் சொன்னார். அன்று நான் பள்ளத்தைப் பார்த்தபோது அது எனக்கு ஒரு குருவியின் வீடாகத் தெரிந்தது. அதுவரை அது வெறும் புதர்.

மார்கழியில் பள்ளி விடுமுறைக் கூட்டம். கடையிலிருந்து என்னால் மதியம்கூட நகர முடியவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால் என் கணவர் தரையில் கிடந்தார். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், சுவரில் சாய்ந்து, வேர்த்து வழிந்துகொண்டு. ஊன்றுகோல் வெளியே சாக்கடையில் கிடந்தது. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக் கட்டிலில் போட்டோம். அந்தம்மாதான் சொன்னார், அவர் போட்ட சத்தம் லைன் முழுக்கக் கேட்டதாம்; வழக்கம்போல் தூக்கத்தில் கத்துகிறார் என்று இருந்துவிட்டார்களாம்.

நடந்தது இதுதான். மழை விட்ட நேரத்தில் குருவி புழுவை இழுத்துக்கொண்டிருந்தது. லைனில் சுற்றும் சாம்பல் பூனை துணிக்கொடிக் கம்பத்துக்குப் பின்னால் பதுங்கி வந்து பாய்ந்துவிட்டது. அவர் கத்திக்கொண்டே கட்டிலிலிருந்து எழுந்து, ஊன்றுகோலை ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறார். பூனை திடுக்கிட்டு விட்டுவிட்டது. குருவி எப்படியோ புதருக்குள் போய்ச் சேர்ந்தது. நான் வெளியே போய் ஊன்றுகோலை எடுத்தேன். சாக்கடை ஓரத்தில் நீல இறகுகள் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தன. மொத்த வாலும் அங்கே இருந்தது.

மறுநாள் குருவி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவர் மறுபடியும் பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்தப் பூனையின் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அதுவும் குளிரில் பசியோடு சுற்றுகிற ஜீவன்தான் என்று புரிந்தாலும் கோபம் போகவில்லை.

பிறகு ஒரு காலை, நான் டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது, “இருக்கு,” என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இஞ்சித் தண்டுகளுக்கு நடுவே அது நின்றது. பின்பக்கம் மொட்டையாக, யாரோ பாதியில் செய்து விட்டுவிட்ட பொம்மை மாதிரி இருந்தது. ஆனால் இல்லாத வாலை அப்போதும் ஆட்டிக்கொண்டிருந்தது. இடுப்பு மட்டும் வெடவெடவென்று நடுங்கியது. தத்தித் தத்திப் போகும்போது சறுக்கியது. பறக்க முயன்றால் நேராகப் போகாமல் பக்கவாட்டில் போய் விழுந்தது. இருந்தாலும் இலையைப் புரட்டியது. எதையோ கொத்தி விழுங்கியது.

ஈப்போக்காரர் அடுத்த முறை வந்தபோது கேட்டேன். இறகு பாதியில் முறிந்திருந்தால் கஷ்டம், வேரோடு பிடுங்கப்பட்டிருந்தால் புதிதாக முளைத்துவிடும் என்றார். ஆனால் முளைப்பதற்கு நன்றாகத் தின்ன வேண்டும், அதுவரை யார் கையிலும் மாட்டாமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த வாரமே லைன்களின் பின்பக்கத்தைச் சுத்தம் பண்ண ஆட்கள் வந்தார்கள். புல்வெட்டும் இயந்திரச் சத்தம் முதல் வரிசையில் கேட்டதுமே என் கணவர் என்னைப் பார்த்தார். கங்காணியைக் கூட்டி வரச் சொன்னார். கங்காணி வயதானவர், எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம். பின்னறை வாசலில் வந்து நின்றார்.

“அந்த ஓடைப் பக்கத்து இஞ்சிப் புதர மட்டும் விட்டுடுங்கண்ணே. மருந்தும் அடிக்க வேணாம்.”

“பாம்பு அண்டும்லா தம்பி. எல்லா லைன் பின்னாலயும் வெட்டணும்னு துரை சொல்லியிருக்காரு.”

“மத்த எடமெல்லாம் வெட்டுங்க. அதுல ஒரு குருவி இருக்கு. வால் போயிருச்சு. இப்ப அதால வேற எங்கயும் போக முடியாது.”

கங்காணி ஜன்னலருகே வந்து எட்டிப் பார்த்தார். அவருக்குக் குருவி எதுவும் கண்ணில் பட்டிருக்காது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இயந்திரம் எங்கள் துணிக்கொடிக் கம்பம் வரை வெட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை.

தையில் மழை கொஞ்சம் குறைந்தாலும் குளிர் கூடியது. குருவியின் பின்பக்கம் தூரிகை முனை மாதிரி கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டு வந்தது. அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. அது நாளுக்கு நாள் நீண்டது.

அப்படி ஒரு மதியம், எனக்கு விடுமுறை. ஈரத் தூறல். அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து, தோட்டத்தின் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு லைன் பக்கம் நடந்து போனார்கள். அவர்களில் ஒருவன் உரக்கச் சிரித்தான். அந்தக் கெலிண்டானின் சிரிப்பு போலவே இருந்தது. என் கை நின்றுவிட்டது. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

“வண்டிய நான்தான் லெஃப்ட்ல ஒடிச்சேன்.”

நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“ரைட்ல பள்ளம். லெஃப்ட்ல மலை. லெஃப்ட்லதான் அவன் உக்காந்திருந்தான். யோசிக்கவே இல்ல. கை தானா திரும்பிருச்சு.”

“திருப்பலன்னா ரெண்டு பேரும் போயிருப்பீங்க.”

“அது எனக்கும் தெரியும்,” என்றார். “அவங்க வீட்டுக்குத் தெரியுமா?”

அவர் அழவில்லை. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெளியே குருவி வந்ததா என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

தைப்பூசம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சிரிப்புக்காரனையே வீட்டுக்கு அழைத்தோம். அவனும் நேபாளம்தான்; இறந்தவனின் ஊருக்கு அருகிலிருந்து வந்தவன். கொஞ்சம் மலாயும் கொஞ்சம் தமிழும் பேசுவான். யார் யாரிடமோ கேட்டு, இறந்தவனுடைய அப்பாவின் போன் எண்ணை அவன்தான் பிடித்துக் கொடுத்தான். கட்டிலில் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று என் கணவர் சொன்னார். முதுகுக்குத் தலையணை வைத்தேன். சட்டை போட்டுக்கொண்டார்.

அவர் போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்த ஆள் நேபாளியில் மாற்றிச் சொன்னான். மூடுபனியைச் சொன்னார். மண் சரிந்து கிடந்ததைச் சொன்னார். வண்டியை எந்தப் பக்கம் ஒடித்தார், ஏன் ஒடித்தார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த இடத்தில் மாற்றிச் சொல்லுகிறவன் தயங்கி எங்களைப் பார்த்தான். “சொல்லு,” என்றார் என் கணவர். அவன் சொன்னான். எங்கோ கோழி கூவுவது மட்டும் போனில் கேட்டது.

பிறகு அந்த அப்பாவின் வயதான குரல். ஒரே ஒரு கேள்வி.

“அன்னிக்கு மகன் சாப்பிட்டானான்னு கேக்கறாரு,” என்றான் அவன்.

என் கணவரின் முகம் அப்போதுதான் உடைந்தது. கிளம்புவதற்கு முன்னால் தானா ராத்தாவில் மாமாக் என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேரும் ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள், அவன் பருப்புக் கறி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டான், காசு நான் கொடுக்கிறேன் என்று சண்டை போட்டான், இதையெல்லாம் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். கிழவர் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லது என்றார். உங்கள் கால் குணமாகட்டும் என்றும் சொன்னாராம். போனை வைத்த பிறகு வந்தவனுக்குச் சோறு போட்டேன். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அந்தப் போனுக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். தூக்கத்தில் கத்துவது நிற்கவில்லை, இன்றும் சில சமயம் உண்டு. ஆனால் அதிகாலையில் மகளுக்குப் போன் பண்ணி, குருவியின் வால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அவளும் கேட்பாள். ஊன்றுகோலோடு சமையலறை வரை நடந்து வந்து உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தார்.

மாசி முடிவதற்குள் வால் முழுசாகிவிட்டது. இப்போது பார்க்கிறவர்களுக்கு அது பூனை வாயிலிருந்து தப்பியது என்று தெரியாது. எங்களுக்குக்கூட, அது அதே புதரில் இருப்பதால்தான் தெரிந்தது. பங்குனியில் அது ஓயாமல் தின்றது. மழையைக்கூடப் பார்க்காமல் நாள் முழுக்க இலையைப் புரட்டியது. கழுத்தும் வயிறும் பருத்து, நிற்கும்போது தரையைத் தொடுவது போலிருந்தது. கடலைத் தாண்ட வேண்டுமே. பறக்கும் வழியில் எரிக்க வேண்டிய கொழுப்பையெல்லாம் இங்கேயே சேர்த்துக்கொண்டுதான் கிளம்பும் என்று ஈப்போக்காரர் சொல்லியிருந்தார். ஒரு மாலையில் புதருக்குள்ளிருந்து மெல்லிய பாட்டுக் கேட்டது. உதட்டுக்குள் பாடிப் பார்ப்பது போல. மழைக்காலம் முழுக்க ‘டக் டக்’ என்ற சத்தத்தைத் தவிர அதனிடமிருந்து நாங்கள் வேறெதுவும் கேட்டதில்லை.

பங்குனி உத்திரத்துக்குக் கோயிலுக்குப் போய்த் திரும்பிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, அது காணாமல் போனது. வானம் தெளிந்திருந்த ஓர் இரவில் கிளம்பியிருக்க வேண்டும். நாங்கள் ஒரு வாரம் பார்த்தோம். பழுப்பு நிறப் பெட்டையும் வரவில்லை.

மருத்துவர் ஊன்றுகோலை எடுத்துவிட்டுக் கைத்தடி போதும் என்று சொன்ன பிறகு, பள்ளத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று என் கணவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. சாக்கடையைத் தாண்ட நான் கை கொடுத்தேன். அவர் பக்கவாட்டில் நின்று, அடிபட்ட காலை முதலில் வைத்து, ஒவ்வோர் அடியாக இறங்கினார். இஞ்சித் தண்டுகளை நான் விலக்கிப் பிடித்தேன்.

உள்ளே ஓர் அழுகிய மரக்கட்டை, பாசி பிடித்த நாலைந்து கல், ஓடையின் சின்ன மடக்கு. கட்டையைச் சுற்றி இலைகளெல்லாம் புரட்டிப் போடப்பட்டு மண் தெரிந்தது. ஒரு வளைந்த தண்டுக்குக் கீழே வெள்ளை எச்சம் காய்ந்து கிடந்தது. தினமும் இரவில் அங்கேதான் அடைந்திருக்கும். சுற்றிலும் பார்த்தோம். எங்கள் முன்னறையும் பின்னறையும் சேர்ந்த அளவுகூட இல்லை. அவ்வளவு பெரிய மழைக்காலத்தை அது இதற்குள்தான் கழித்திருக்கிறது.

“இவ்ளோதானா,” என்றார் அவர்.

கட்டையின் மேல் மெதுவாக உட்கார்ந்து, வலிக்கும் காலை நீட்டிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கிழவரிடம் மறுபடியும் பேச வேண்டும் என்றார், இந்தத் தடவை சும்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு. லோரி இனி ஓட்டப்போவதில்லை, தேயிலை ஆலையில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கங்காணியிடம் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னார். விசாரிக்கலாம் என்றேன். ஓடையில் தண்ணீர் குறைவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏறி வர இறங்கியதைவிட அதிக நேரமாயிற்று; நடுவில் இரண்டு இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார்.